பதின்மூன்று நாளில் ஒன்பது: இந்திரலால் ராயின் பதக்கக் கணக்கு

1918 செப்டம்பர் 21 தேதியிட்ட, பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கசெட்டில், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்த இந்தியர் லெஃப்டினன்ட் இந்திரலால் ராயின் பெயருக்குக் கீழே இரண்டே வாக்கியங்கள்தான் இருக்கின்றன. தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: "மிகுந்த துணிவும் உறுதியும் கொண்ட அதிகாரி, பதின்மூன்று நாட்களில் எதிரியின் ஒன்பது விமானங்களுக்குக் கணக்கு முடித்தவர். இந்தச் சண்டைகளில் அபாரமான திறமையும் துணிச்சலும் காட்டினார்; ஒரே ரோந்தில் இரண்டு விமானங்களை வீழ்த்தியது ஒருமுறைக்கு மேல் நடந்திருக்கிறது."

கசெட் அச்சானபோது ராய் உயிரோடு இல்லை. இரண்டு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, வட பிரான்சின் கார்வன் ஊருக்கு மேலே ஜெர்மன் ஃபோக்கர் விமானங்களுடன் நடந்த சண்டையில் இறந்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு 19 வயது, 7 மாதம், 20 நாள்.

ராயைப் பற்றிய குறிப்பு எதை எடுத்தாலும் இரண்டு செய்திகள் சேர்ந்தே வரும். பத்து விமானங்களை வீழ்த்திய முதல் இந்திய 'ஏஸ்' (ஐந்தோ அதற்கு மேலோ எதிரி விமானங்களை வீழ்த்திய விமானி) என்பது ஒன்று. மரணத்துக்குப் பின் டி.எஃப்.சி. என்ற விமானிகளுக்கான வீரச் சிலுவைப் பதக்கம் பெற்றவர் என்பது இன்னொன்று. கசெட்டோ ஒன்பது என்கிறது. இந்த ஒரு எண் வித்தியாசத்தை அச்சுப்பிழை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. தள்ளக் கூடாது. அந்தப் பதக்கம் எப்போது, யார் கையெழுத்தில், எதற்காக எழுதப்பட்டது என்பதற்கான தடயம் அந்த ஒன்றில்தான் ஒளிந்திருக்கிறது.

நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பார்க்கலாம். ராய் 40ஆம் ஸ்குவாட்ரனில் முதல் விமானத்தை வீழ்த்தியது ஜூலை 6, த்ரோக்கூர் ஊருக்கு மேலே, ஒரு ஹானோவர். ஜூலை 8 அன்று நான்கு மணி நேரத்துக்குள் மூன்று: இரண்டு ஹானோவர், ஒரு ஃபோக்கர் டி.7. ஜூலை 13 அன்று இரண்டு: ஒரு ஹானோவர், ஒரு ஃபால்ட்ஸ் டி.3. ஜூலை 15 அன்று இரண்டு ஃபோக்கர் டி.7. ஜூலை 18 அன்று ஒரு டி.எஃப்.டபிள்யூ. சி.5. இதுவரை கூட்டினால் ஒன்பது. ஜூலை 6 முதல் 18 வரை இரண்டு நாளையும் சேர்த்து எண்ணினால் பதின்மூன்று. கசெட் சொல்லும் கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது. பத்தாவது விமானம் மறுநாள், ஜூலை 19 அன்று, கான்யிகூர் ஊருக்கு மேலே விழுந்தது. அதற்குள் பதக்கப் பரிந்துரையில் ஒன்பது என்று எழுதியாகிவிட்டது என்றுதான் இதைப் படிக்க முடியும்.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் நடைமுறையில் இறந்த வீரருக்குக் கொடுக்கக்கூடிய வீரப் பதக்கம் விக்டோரியா சிலுவை மட்டும்தான். அதை விட்டால், போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடுவது. டி.எஃப்.சி., மிலிட்டரி கிராஸ் போன்றவற்றை இறந்தவருக்கு வழங்கலாம் என்ற மாற்றம் 1979இல்தான் வந்தது. அப்படியானால் ராய்க்கு எப்படிக் கிடைத்தது? பரிந்துரை அவர் உயிரோடு இருக்கும்போதே போய்விட்டது. ஸ்குவாட்ரன் தளபதி எழுதி, விங், பிரிகேடு என்று மேலே ஏறி, கடைசியில் அச்சுக்கு வருவதற்குள் வாரங்கள் கடந்துவிடும். அந்த இடைவெளியில் ஆள் போய்விட்டால் பதக்கம் தடைபடாது, ஆனால் கசெட் வரும்போது அவர் இருக்க மாட்டார். 'மரணத்துக்குப் பின் வழங்கப்பட்டது' என்பது தேதியை வைத்துச் சொன்னால் சரி. சாவுக்காகக் கொடுத்த பதக்கம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டால் தப்பு. கார்வன் வானத்தில் நடந்த கடைசிச் சண்டைக்கும் இந்தச் சிலுவைக்கும் சம்பந்தமே இல்லை.

கல்கத்தாவிலிருந்து ஹேமர்ஸ்மித்

1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் பிறந்தவர் ராய். அப்பா பியாரிலால் ராய் பாரிஸ்டர். அம்மா லலிதா ராய், லண்டனில் பெண்களின் வாக்குரிமை இயக்கத்தில் இயங்கியவர். 1911இல் அங்கே நடந்த முடிசூட்டு ஊர்வலப் பேரணியில் இந்தியப் பெண்களை அணிதிரட்டியவர்களில் ஒருவர். அண்ணன் பரேஷ்லால் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று பின்னாளில் பெயரெடுத்தார். வீட்டில் இந்திரலாலின் செல்லப் பெயர் 'லாடி'. லண்டன் ஹேமர்ஸ்மித்தில் இருந்த செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்த நிலையில், 1917 ஏப்ரலில் பிரிட்டிஷ் தரைப்படையின் விமானப் பிரிவான ராயல் ஃபிளையிங் கோர்ப்ஸில் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூலை 5 அன்று செகண்ட் லெஃப்டினன்ட்.

இந்தத் தேதியைச் சும்மா கடந்துவிட முடியாது. இந்தியப் படையின் காலாட்படை, குதிரைப்படையில் இந்தியர்களுக்கு அரசரின் முழுக் கமிஷன் தருவதாக அறிவிப்பு வந்ததே 1917 ஆகஸ்டில்தான். அதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு வங்காளி இளைஞர் விமானப் படையில் அதிகாரி. வழி எளிதாகத் திறந்துவிடவில்லை. இன்னொரு இந்திய விமானி ஹர்தித் சிங் மாலிக் பிரெஞ்சு விமானப் படையில் சேர இடம் வாங்கிக்கொண்ட பிறகு, அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் பிரிட்டிஷ் விமானப் பிரிவின் தலைமையில் இருந்த ஜெனரல் டேவிட் ஹெண்டர்சனுக்குக் கடிதம் எழுதித்தான் பிரிட்டிஷ் கதவு திறந்தது. விமானி பஞ்சம் தலைக்கு மேல் போன வருடம் 1917. அதுவும் கை கொடுத்தது.

அக்டோபர் இறுதியில் ராய் 56ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போனார். அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் தரப்பின் முதல்தரச் சண்டைப் பிரிவுகளில் ஒன்று அது. அதில் கேப்டன் ரிச்சர்ட் மேபரியின் 'ஏ' அணி. டிசம்பர் 6 அன்று எஸ்.இ.5ஏ விமானத்தோடு தரையில் மோதினார். பிணவறையில் கிடத்தப்பட்டவர் எழுந்து கதவைத் தட்டினார் என்று ஒரு கதை இந்த விபத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். கேட்க நன்றாக இருக்கிறது. பதக்கத்தைப் படிப்பதற்கு அது தேவையில்லை. தேவையானது இவ்வளவுதான்: காயத்தால் பறக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டார், அந்த ஓய்வில் விமானங்களைப் படம் படமாக வரைந்து தள்ளினார் (அவற்றில் பல இன்றும் இருக்கின்றன), திரும்பப் பறக்க அனுமதி கேட்டு விடாமல் நச்சரித்தார். அவர் விலகிய 13ஆம் நாள், டிசம்பர் 19 அன்று, மேபரி கொல்லப்பட்டார்.

1918 ஜூன் 19 அன்று 40ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தபோது ராய் வேறு ஆள். அணித் தலைவர் கேப்டன் ஜார்ஜ் மெக்எல்ராய், அயர்லாந்துக்காரர், சண்டையில் கெட்டிக்காரர். முதல் முறை ஒரு அரைகுறைப் பயிற்சி விமானியாக முன்னணிக்கு வந்து விழுந்தவர், இரண்டாவது முறை மெருகேறி வந்தார். கசெட்டில் இந்த ஆறு மாதம் இல்லை. ஆனால் பதின்மூன்று நாளின் அடித்தளம் அதுதான்.

'வீழ்த்தினார்' என்றால் என்ன?

பத்து என்ற எண்ணுக்குள்ளேயும் பிரிவு உண்டு. ஐந்து 'அழிந்தவை', ஐந்து 'கட்டுப்பாடிழந்து விழுந்தவை'. ஒவ்வொரு வகையிலும் ஒன்று சக விமானியோடு பங்கு. அப்போதைய பிரிட்டிஷ் கணக்கில் தரையில் மோதுவதையோ, தீப்பிடிப்பதையோ, வானிலேயே உடைவதையோ கண்ணால் பார்த்தால்தான் 'அழிந்தது'. மீள முடியாத மாதிரி சுழன்று கீழே போனது, கடைசி வரை பார்க்க முடியவில்லை என்றால் 'கட்டுப்பாடிழந்தது'. இருவர் சேர்ந்து வீழ்த்தினால் பாதிப் பாதி கிடையாது. இருவர் கணக்கிலும் முழுசாக ஒன்று ஏறும்.

இரண்டாவது வகை ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் காற்றைப் பார்க்க வேண்டும். மேற்கு முனையில் பெரும்பாலும் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசும். பிரிட்டிஷ் விமானங்கள் எல்லையைத் தாண்டி ஜெர்மன் பக்கம் போய்ச் சண்டையிடுவதுதான் கொள்கை. சண்டை சுழலச் சுழலக் காற்று இன்னும் கிழக்கே தள்ளும். த்ரோக்கூர், கான்யிகூர், கார்வன் எல்லாமே அன்றைக்கு ஜெர்மன் கைவசம் இருந்த ஊர்கள். விழுந்ததைப் போய்ப் பார்க்க வழியில்லை. திரும்பும்போது எதிர்காற்று, பெட்ரோலும் குறைவு. சுழன்று விழும் விமானத்தைத் தரை வரை துரத்திப் பார்த்துக்கொண்டிருந்தால் மேலேயிருந்து இன்னொருவன் முதுகில் விழுவான். ஆகவே 'விழுந்த மாதிரி' என்பதற்கும் ஒரு கட்டம் போட வேண்டியிருந்தது.

இதில் கோளாறும் உண்டு. வேண்டுமென்றே சுழன்று தாழப் போய், தரைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து வீடு திரும்புவது ஜெர்மன் விமானிகளுக்குத் தெரிந்த தப்பிக்கும் வழி. எல்லா நாட்டுக் கணக்கிலும் 'கட்டுப்பாடிழந்தது' வகையில் ஒரு பகுதி அப்படித் தப்பியதாக இருக்கும். ராய் பத்து பேரைக் கொன்றார் என்று எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். பத்து என்பது அன்றைய பிரிட்டிஷ் முறைப்படி ஏற்கப்பட்ட எண், அவ்வளவே. அதற்காக அது சின்ன எண்ணும் ஆகிவிடாது. அதே அளவுகோலில்தான் அன்றைய எல்லா பிரிட்டிஷ் விமானிகளும் அளக்கப்பட்டார்கள்.

என்னென்ன விமானங்கள் என்பதும் பார்க்கத் தக்கது. பத்தில் ஐந்து ஹானோவர், ஒரு டி.எஃப்.டபிள்யூ.; ஆறுமே இரட்டை இருக்கை விமானங்கள். மீதி நான்கில் மூன்று ஃபோக்கர் டி.7, ஒரு ஃபால்ட்ஸ். இரட்டை இருக்கையைச் சுலபமான இரை என்று நினைத்துவிடக் கூடாது. பின்னால் ஒருவன் எந்திரத் துப்பாக்கியோடு பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஹானோவர் அளவில் சின்னது. தூரத்தில் ஒற்றை ஆள் விமானம் என்று நினைத்து ஏமாந்து பின்னால் போய்ச் சிக்கியவர்கள் உண்டு. அதன் வாலில் இரண்டு அடுக்குச் சிறகு இருந்ததால் வாலின் அகலம் குறைவு. சுடுபவனுக்கு மறைவு குறைந்து பார்வை கூடியது. இதை நெருங்க நல்ல வழி, அடிவயிற்றுக்குக் கீழே, சுடுபவனுடைய கண்ணுக்குப் படாத கோணத்தில் ஏறிப் போவது. பீரங்கிக்குக் குறி சொல்வதும் அகழிகளைப் படமெடுப்பதும் தாழப் பறந்து காலாட்படையைச் சுடுவதும் இந்த இரட்டை இருக்கைகள்தான். ஒன்று விழுந்தால் தரையில் இருக்கும் நூறு பேர் மூச்சு விடுவார்கள்.

ராய் ஓட்டிய எஸ்.இ.5ஏயில் இரண்டு துப்பாக்கி. எஞ்சின் மூடிக்கு மேல் இடப்பக்கம் ஒரு விக்கர்ஸ். சுழலும் காற்றாடி இலைகளுக்கு இடையே புகுந்து சுடும். மேல்சிறகின் மேல், ஃபாஸ்டர் தண்டவாளத்தில் ஒரு லூயிஸ். காற்றாடி வட்டத்துக்கு மேலாகச் சுடும். லூயிஸின் டிரம்மில் 97 தோட்டா. விசையை விடாமல் அழுத்தினால் பத்து விநாடி சொச்சத்தில் காலி. அப்புறம் நடக்க வேண்டியதுதான் கஷ்டம். கொக்கியை விடுவித்து, வளைந்த தண்டவாளத்தில் துப்பாக்கியைத் தன் முகத்தை நோக்கி இறக்க வேண்டும். காலி டிரம்மைக் கழற்றி உள்ளே வைத்து, புது டிரம்மைப் பொருத்தி, துப்பாக்கியை மறுபடி மேலே தள்ள வேண்டும். இத்தனையும் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் அறையும் காற்றில், உறைந்த விரலோடு, விமானத்தின் கட்டுப்பாட்டுக் கம்பை முட்டிக்கு நடுவே இடுக்கிக்கொண்டு. டிரம்மைத் தட்டையாகப் பிடிக்காமல் காற்றுக்கு எதிராக நிமிர்த்தினால் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும். ஆனால் இதே தண்டவாளத்தில் ஒரு வசதியும் இருந்தது: துப்பாக்கியைப் பாதி இறக்கி நிறுத்தினால் நேர் மேலே சுடலாம். எதிரியின் அடிவயிற்றுக்குக் கீழே போய்ச் சேர்ந்தவனுக்கு இது வரப்பிரசாதம்.

விக்கர்ஸில் வேறு தொல்லை. காற்றாடி இலை குறுக்கே வராத கணத்தில் மட்டும் சுட வைக்கும் கான்ஸ்டான்டினெஸ்கோ கருவி, குழாயில் அழுத்தத்தோடு நிற்கும் எண்ணெயின் துடிப்பால் வேலை செய்வது. அழுத்தம் குறைந்தால் சுடாது. அதனால் காக்பிட்டில் கைப்பம்பு ஒன்று உண்டு. சண்டைக்குள் நுழையுமுன் அதை அடித்து ஏற்றிக்கொள்ள வேண்டும். எங்காவது இணைப்பில் காற்றுக் குமிழி புகுந்தால் துடிப்பு மந்தமாகும், தோட்டா நேரம் தவறும், சொந்தக் காற்றாடியிலேயே ஓட்டை விழும். தோட்டா அளவில் சிறு பிசகு இருந்தாலும் துப்பாக்கி சிக்கும். கவனமான விமானிகள் பறப்பதற்கு முன்பே தோட்டாக்களைத் தாங்களே ஒவ்வொன்றாக அளந்து பொறுக்குவார்கள். 'ஒரே ரோந்தில் இரண்டு' என்று கசெட் சொல்லும்போது, ஒருமுறைக்கு இருமுறை தோட்டாவும் எண்ணெயும் விரலும் ஒத்துழைத்தன என்று அர்த்தம்.

ஜூலை 22 அன்று எதிரே வந்தது 29ஆம் ஜெர்மன் யாக்டுஸ்டாஃபலின் (சண்டை விமானப் பிரிவின்) ஃபோக்கர் டி.7கள். உயரத்தில் மூச்சுத் திணறாத, மூக்கை மேலே தூக்கியபடியே தொங்கிச் சுடக்கூடிய விமானம் அது. பிரிட்டிஷ் விமானிகளுக்கு அந்தப் போரில் கடைசி வரை பாரசூட் கொடுக்கப்படவில்லை. அடுத்த ஒன்பது நாளில் 40ஆம் ஸ்குவாட்ரனோடு தொடர்புடைய இரண்டு பெரிய பெயர்கள் போயின: அங்கே பெயரெடுத்து வேறு பிரிவுக்குத் தளபதியாகப் போன மிக் மானக் ஜூலை 26 அன்று, மெக்எல்ராய் ஜூலை 31 அன்று. ராயின் மொத்தப் பறப்பு நேரம் 170 மணிக்குச் சற்று மேல்.

சிலுவையும் ரிப்பனும்

டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் கிராஸ், சுருக்கமாக டி.எஃப்.சி., 1918 ஜூன் 3 அன்று உருவானது. ஏப்ரல் 1 அன்று ராயல் ஃபிளையிங் கோர்ப்ஸும் கடற்படையின் விமானப் பிரிவும் ஒன்றாகி ராயல் ஏர் ஃபோர்ஸ் பிறந்திருந்தது. அதுவரை தரைப்படையின் மிலிட்டரி கிராஸை வாங்கிக்கொண்டிருந்த விமானிகளுக்குத் தனியாக ஒரு பதக்கம் வேண்டியிருந்தது. ஆகவே, ராய் முதல் விமானத்தை வீழ்த்தியபோது அந்தப் பதக்கத்துக்கு வயது ஒரு மாதம் சொச்சம். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். நான்கு மாதம் முன்னால் இதே சண்டை நடந்திருந்தால் அவர் பெயருக்குப் பின்னால் எம்.சி. என்று வந்திருக்கும். மெக்எல்ராயைப் பார்த்தால் இந்தப் பிளவு கண்கூடாகத் தெரியும்: விமானப்படை தனியாவதற்கு முந்தைய வெற்றிகளுக்கு எம்.சி.யும் இரண்டு பட்டைகளும் (அதே பதக்கம் மறுபடி கிடைத்தால் தருவது பட்டை), பிந்தையவற்றுக்கு டி.எஃப்.சி.யும் ஒரு பட்டையும்.

சிலுவை வெள்ளி. மேல்கையின் நுனியில் ரோஜா, மற்ற மூன்று கைகளின் நுனியில் குண்டு. அதன் மேல் காற்றாடி இலைகளால் ஆன இன்னொரு சிலுவை. நடுவில் லாரல் வளையத்துக்குள் சிறகு முளைத்த ரோஜா, கிரீடம், ராயல் ஏர் ஃபோர்ஸைக் குறிக்கும் ஆர்.ஏ.எஃப். எழுத்துகள். பின்புறம் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் எழுத்துச்சின்னமும் 1918 என்ற ஆண்டும். வடிவமைத்தவர் லிவர்பூல் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன்.

ரிப்பனில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் வந்த ரிப்பனில் ஊதாவும் வெள்ளையும் கிடைக்கோடுகளாக ஓடின. 1919 ஜூலையில் அவற்றைச் சாய்வுக் கோடுகளாக மாற்றினார்கள். இன்று பார்க்கும் எல்லா டி.எஃப்.சி. ரிப்பனும் சாய்வுக் கோடுதான். 1918இல் எடுத்த புகைப்படத்தில் மார்பில் சாய்வுக் கோடு ரிப்பன் தெரிந்தால் படத்தின் தேதியைச் சந்தேகிக்க வேண்டும். ராய் இரண்டில் எதையும் குத்திக்கொண்டதில்லை.

பதக்கம் வாங்குகிறவர்களும் குடும்பத்தில் வைத்திருப்பவர்களும் அடிக்கடி சறுக்கும் இடம் பெயர்ப் பொறிப்பு. முதல் உலகப் போர் டி.எஃப்.சி. பெயர் பொறிக்காமல்தான் வழங்கப்பட்டது. பின்புறம் யாருடைய பெயராவது இருந்தால் அது குடும்பம் தட்டானிடம் கொடுத்துப் பொறித்தது, அல்லது விற்பனைக்காகப் பின்னால் யாரோ செய்தது. 'பெயர் இருக்கிறது, ஆகவே அசல்' என்பது இந்தப் பதக்கத்துக்குப் பொருந்தாது. தனியாகக் கிடைக்கும் ஒரு சிலுவையை ஒரு மனிதரோடு சேர்க்க அதோடு வந்த கடிதமோ மற்ற பதக்கங்களோ வேண்டும்.

அந்த மற்ற பதக்கங்கள் இரண்டு. 1917 அக்டோபரில் முன்னணிக்கு வந்தவருக்கு 1914-15 நட்சத்திரம் கிடையாது. பிரிட்டிஷ் போர்ப் பதக்கமும் வெற்றிப் பதக்கமும் உரியவை. முன்னது வெள்ளி, 36 மில்லிமீட்டர் விட்டம், நேரான தொங்குபட்டை. நடுவில் ஆரஞ்சு, இரு பக்கமும் வெள்ளை, கறுப்பு, நீலம் ஓடும் ரிப்பன். பின்னது வெண்கலம், சிறகுள்ள வெற்றித் தேவதை, வளையத்தில் தொங்கும், இரட்டை வானவில் ரிப்பன். இவை லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டவை என்பதால் மதிப்பில்லை என்று ஒதுக்குவார்கள். ஆள் அடையாளத்துக்கு உண்மையில் உதவுவது இவைதான், ஏனென்றால் இவற்றின் விளிம்பில் பதவியும் பெயரும் பிரிவும் அச்சுக் குத்தப்பட்டிருக்கும். அதிகாரிகளுக்கு எண் இருக்காது. 1918 ஏப்ரலுக்கு முன் இறந்த விமானிக்குப் பொதுவாக ஆர்.எஃப்.சி. (ராயல் ஃபிளையிங் கோர்ப்ஸ்) என்றும், அதைத் தாண்டியவருக்கு ஆர்.ஏ.எஃப். என்றும் வரும்.

இங்கேயும் தில்லுமுல்லு உண்டு. வேறொருவர் பெயரை அரம் போட்டுத் தேய்த்துவிட்டுப் புகழ்பெற்ற பெயரைக் குத்துவார்கள். கண்டுபிடிக்க வெர்னியர் காலிப்பர் போதும்: மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் விட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். தேய்த்த பதக்கம் 36க்குக் கீழே சில புள்ளி இறங்கும், அல்லது இரண்டு அளவும் ஒத்துப்போகாது. தொங்குபட்டையின் பிடி விளிம்பைத் தொடும் இடத்தில் மெல்லிய இடைவெளி தெரியும். எழுத்து குத்தப்பட்டிருக்கிறதா செதுக்கப்பட்டிருக்கிறதா என்று லென்ஸில் பார்க்க வேண்டும்; குத்திய எழுத்தின் அடி தட்டையாகவும் ஆழம் ஒரே சீராகவும் இருக்கும், செதுக்கியதில் கீறல் ஓடும். வெள்ளி விலை ஏறிய 1980 வாக்கில் பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. ஜோடியில் வெண்கலம் மட்டும் மிஞ்சிக் கிடைப்பதற்குக் காரணம் அதுதான். அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இறந்தவர் குடும்பத்துக்கு இன்னொன்றும் வரும்: ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வெண்கலத் தகடு. பிரிட்டானியா, சிங்கம், 'சுதந்திரத்துக்கும் மானத்துக்கும் உயிர் கொடுத்தான்' என்ற வாசகம், செவ்வகக் கட்டத்துக்குள் பெயர். பதவி கிடையாது; ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரி. ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் 'செத்தவன் காசு'. இதை வடிவமைத்தவரும் அதே கார்ட்டர் பிரெஸ்டன்தான். உயிரோடிருந்தவனின் துணிச்சலுக்குக் கொடுத்த சிலுவையும் அவன் சாவுக்குக் கொடுத்த தகடும் ஒரே கைவேலை.

ராயோடு அந்தப் போரில் பறந்த மற்ற இந்தியர்களை இந்த அடுக்கில் வைத்தால் வித்தியாசம் தெரியும். பம்பாயின் ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர் 23ஆம் ஸ்குவாட்ரனில் சோப்வித் டால்ஃபின் ஓட்டி 1918 ஜூன் இறுதியில் இறந்தார். வீரப் பதக்கம் இல்லை. எர்ரல் சந்தர் சென் 1917 செப்டம்பரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். காலில் குண்டு வாங்கிய மாலிக் பிழைத்து, சுதந்திர இந்தியாவின் தூதராகப் பிரான்சுக்கே போனார். துணிச்சலில் ராய் உயர்ந்தவர், மற்றவர்கள் தாழ்ந்தவர்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. டி.எஃப்.சி. என்பது எண்ணிக்கையைப் பார்த்து, அதைப் பார்த்து எழுதும் தளபதி பக்கத்தில் இருந்து, எழுதியது மேலே போய்ச் சேர்ந்தால் வருவது. வெலிங்கருக்கு அந்த வாரங்கள் கிடைக்கவில்லை.

ராயின் குடும்பத்தில் விமானம் அத்தோடு நிற்கவில்லை. உறவில் அவருக்கு மருமகன் முறையான சுப்ரதோ முகர்ஜி இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியாக 1954 ஏப்ரல் 1 அன்று பொறுப்பேற்றார். இந்திய அஞ்சல்துறை 1998 டிசம்பரில் ராயின் நூற்றாண்டுக்குத் தபால்தலை வெளியிட்டது. கொல்கத்தா பவானிப்பூரில் அவர் பெயரில் ஒரு தெரு உண்டு.

கல்லறை இருப்பது பிரான்சின் பா-தெ-கலே மாவட்டத்தில், எஸ்தவெல் ஊர்ப் பொது இடுகாட்டில். அங்கே கல்லில் வங்காள எழுத்து இருக்கிறது: மாவீரனின் சமாதி, மரியாதை காட்டு, தொடாதே.

ராயைப் பற்றி மேற்கொண்டு தேட விரும்புகிறவர்கள் ஆவணங்களில் எந்த வரிசையில் போவது என்பதில்தான் பெரும்பாலும் வழி தவறுகிறார்கள். இணையத்தில் கசெட்டின் பக்கம் சுலபமாகக் கிடைப்பதால் அங்கேயே நின்றுவிடுவார்கள். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் விமானப்படை அதிகாரிகளின் பணிப் பதிவுகள் ஏர் 76 என்ற தொகுப்பில் இருக்கின்றன. எந்தப் பிரிவு, எந்தத் தேதி, எப்போது மருத்துவ விடுப்பு என்பது அதில் வரும். தரைப்படையின் பதக்க அட்டைகளில் தேடி ஆள் இல்லையே என்று கைவிடக் கூடாது. விமானப்படைக்கு மாறியவர்களுக்கு அந்த அட்டை இல்லாமல் போகலாம். பெயரை 'ராய் ஐ. எல்.' என்றும் முழுசாகவும் இரண்டு விதமாகத் தேட வேண்டும். எண்களைச் சரிபார்க்கிறவர்கள் கசெட்டை விட்டுவிட்டு ஏர் 1 தொகுப்பில் உள்ள ஸ்குவாட்ரன் ஆவணங்களுக்கும் சண்டை அறிக்கைகளுக்கும் போக வேண்டும். நேரம், உயரம், இடம், எதிரி விமானத்தின் நிறம், யார் பார்த்தார்கள், தளபதி எந்த வகையில் ஏற்றார் என்று ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு தாள் எழுதுவது அன்றைய வழக்கம். கான்யிகூருக்கு மேலே ஜூலை 19 அன்று விழுந்த அந்த ஹானோவர், கசெட் எண்ணாத பத்தாவது, அந்த வகைத் தாள்களின் கணக்கில்தான் இருக்கிறது.